தானம் என்னும் கட்டுக்கதை

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் உரிமை பெற்ற வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடும் வழக்கம் அந்த நாட்டிலும் இருக்கிறது, நம் நாட்டிலும் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி வெள்ளை ஆஸ்திரேலியா மனமிரங்கி, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒருமித்து வாக்களித்து, அதுவரை பிரஜைகளாகவே கருதப்படாத ஆதிக்குடிகளுக்கு வாக்குரிமையையும் பிரஜாவுரிமையையும் வழங்கியது என்பதே அந்த வாக்கியம். அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் உலக நாடுகளின் விடுதலை இயக்கங்களைப் பற்றி மிகுந்த ஈடுபாட்டோடு பேசிய பெரியவர் ஒருவரும் இதையே சொல்லி, ஆளும் இனத்தின் மனச்சாட்சி விழித்துக்கொண்டால் நியாயம் தானாகவே பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் இல்லை என்று முடித்தார், சபையோரும் கைதட்டினார்கள். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னதில் தேதியும் கணக்கும் சரி, மற்றவை பிழை. ஒரு நூற்றாண்டுக் காலம் போராடிய ஜனங்களின் சரித்திரத்தை அவர்களுடைய கையிலிருந்து பிடுங்கி, அவர்களை ஒடுக்கியவர்களின் புண்ணியக் கணக்கில் எழுதிவிடும் பிழை அது ஆதலால், அதைச் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன்.

முதலில் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1967-இல் மாற்றப்பட்டவை அரசியல் சாசனத்தின் இரண்டே இடங்கள். எந்த இனத்தாரைக் குறித்தும் விசேஷச் சட்டம் இயற்ற மத்திய பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளித்து, மாநிலங்களில் வாழும் பூர்வகுடிகளை மட்டும் அந்த அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்திருந்த சொற்றொடர் ஒன்று. ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று கூறிய 127-ஆம் பிரிவு மற்றொன்று. முன்னது திருத்தப்பட்டது, பின்னது நீக்கப்பட்டது. வாக்குரிமை என்ற பேச்சே அந்த வாக்கெடுப்பில் எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் இல்லை, ஏனெனில் மத்தியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அனைவருக்கும் கிடைத்துவிட்டது. மாநிலங்களுள் கடைசியாக இணங்கிய குவின்ஸ்லாந்தும் 1965-இல் இணங்கிவிட்டது.

இதற்கும் முன்னால் போனால் கதை இன்னும் தலைகீழாகிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1856-ஆம் ஆண்டுச் சாசனம் வயது வந்த ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை தந்தபோது பூர்வகுடி ஆடவரை விலக்கவில்லை. 1894-இல் பெண்களுக்கு அவ்வுரிமை வந்தபோது பூர்வகுடிப் பெண்களையும் விலக்கவில்லை. மரீ நதி கடலோடு சேரும் பகுதியிலுள்ள பாயிண்ட் மக்லீ என்னும் குடியிருப்பில் அந்தத் தசாப்தத்திலேயே ஆண்களும் பெண்களும் வாக்குச்சாவடிக்குச் சென்று வாக்களித்தார்கள். இங்கிலாந்தின் சீமாட்டிகளுக்குக் கிட்டாத உரிமையைத் தென் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்கள் அனுபவித்த காலம் அது. அதைப் பறித்தது 1902-ஆம் ஆண்டின் மத்திய வாக்குரிமைச் சட்டம். ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் சுதேசிகள் எவரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கலாகாது என்றும், நியூஸிலாந்தின் மாவோரிகளுக்கு விலக்கு உண்டு என்றும் அது விதித்தது. ஆசியா என்ற சொல்லில் நம் நாட்டவரும் அடங்கினார்கள். மெல்போர்னில் வாழ்ந்த மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர் 1924-இல் நியாயஸ்தலம் ஏறி வழக்கை வென்றார். மறு ஆண்டே பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தோருக்கு வாக்குரிமை அளித்துச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்திலும் மண்ணின் மைந்தர்களுக்கு இடமில்லை. ஆக, உரிமையே அறியாத ஜனங்களுக்கு 1967-இல் உரிமை வழங்கப்பட்டது என்ற கூற்று, இருந்த உரிமை பறிபோனதை முதலில் மறைக்கிறது. அது துண்டு துண்டாக மீட்கப்பட்டதைப் பிறகு மறைக்கிறது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவர். சட்ட நுணுக்கம் எதுவாயினும், ஜனத்தொகையில் மிகச் சிறுபான்மையினரான ஒரு கூட்டத்தாருக்காகப் பெரும்பான்மையினர் நூற்றுக்கு 90.77 வீதம் சம்மதம் தெரிவித்தது பெருந்தன்மை அல்லவா? அன்று ஆம் என்று எழுதியவர்களுள் பலர் நல்ல மனத்தோடுதான் எழுதினார்கள். அதை மறுப்பது அதர்மம். ஆனால் அந்தக் கேள்வி அவர்கள் முன்னால் எப்படி வந்து சேர்ந்தது? 1957-இல் சிட்னி நகர மண்டபத்தில் தொடங்கிய கையெழுத்து இயக்கம், பூர்வகுடிப் பெண்மணி பெர்ல் கிப்ஸும், கரும்புத் தோட்டத்துக்குக் கடத்திவரப்பட்ட பசிபிக் தீவுக்காரர் ஒருவரின் மகளான ஃபெய்த் பேண்ட்லரும் வீடு வீடாகவும் மன்றம் மன்றமாகவும் ஏறி இறங்கிய இயக்கம், ஐந்தாறு ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளைப் பாராளுமன்றத்தின் வாசலில் கொண்டுவந்து குவித்தது. 1963-இல் பிரதமர் மென்ஸிஸைக் காணச் சென்ற தூதுக்குழுவில் கவிஞர் கேத் வாக்கர் இருந்தார். பிற்காலத்தில் ஊட்ஜெரூ நூனுக்கல் என்று தம் குலப்பெயரைச் சூடிக்கொண்டவர் அவரே. பேச்சு முடிந்ததும் பிரதமர் உபசாரமாக மது ஊற்றித் தர, குவின்ஸ்லாந்தில் இதைச் செய்திருந்தால் உங்களைச் சிறையில் அடைத்திருப்பார்கள் என்று அவர் அமைதியாகச் சொன்னாராம். நாட்டின் பிரதமருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. அதே மென்ஸிஸ் 1965-இல் 127-ஆம் பிரிவை மட்டும் நீக்க முன்வந்தாரே தவிர, மற்றதைத் தொட மறுத்தார். அவருக்குப் பின் வந்த ஹோல்ட் இரண்டையும் ஜனங்கள் முன் வைத்தார் என்றால், அதற்கு அந்தக் கையெழுத்துக் கட்டுகளே காரணம். கடனைத் தீர்க்க வந்தவன் கடைசித் தவணையை வட்டிக்காரன் முன்னிலையில் எண்ணி வைக்கும்போது, எண்ணி வைப்பவனை வள்ளல் என்று யாரும் சொல்வதில்லை.

உண்மையில் அரசாங்கம் தானமாக வழங்கிய பிரஜாவுரிமை ஒன்று இருந்தது. அது எப்படியிருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பூர்வகுடி ஒருவர் மாஜிஸ்திரேட்டின் முன் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெறலாம். அதற்கு அவர் தம் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய இரத்த உறவினரைத் தவிர மற்றச் சுற்றத்தார் அனைவரோடும் இரண்டாண்டுகளாக உறவை அறுத்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேச வேண்டும். குஷ்டம் முதலிய நோய்கள் இல்லை என்று காட்ட வேண்டும். நாகரிக வாழ்க்கையின் பழக்கவழக்கங்களை மேற்கொண்டவர் என்று நிரூபிக்க வேண்டும். இவ்வளவும் செய்து பெற்ற, புகைப்படம் ஒட்டிய அந்தச் சிறு புத்தகத்தை மதுக்கடை வாசலிலும் போலீஸ்காரர் கேட்ட இடத்திலும் எடுத்து நீட்ட வேண்டும். நடத்தை சரியில்லை என்று தோன்றினால் அது ரத்தாகும். நாய்க்கு எடுக்கும் லைசென்ஸ் என்று பூர்வகுடிகள் இத்தகைய சான்றிதழ்களுக்குப் பெயர் வைத்தார்கள். சொந்த அத்தையையும் மாமனையும் துறந்தால்தான் சொந்த மண்ணில் பிரஜை ஆகலாம் என்ற விதியை எழுதியவர்கள், உறவு என்ற சொல்லுக்கு அந்த ஜனங்கள் கொடுத்த பொருளை நன்றாக அறிந்தே எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வட பிரதேசத்தில் ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவுக்கு 1957-இல் கட்டுப்பாடுகள் நீங்கின. கீர்த்தி பெற்ற அந்தக் கலைஞர், உரிமை பெறாத தம் உறவினருக்கு மது பகிர்ந்தார் என்ற குற்றத்துக்காக 1958-இல் தண்டனை பெற்று, 1959-இல் மனமுடைந்து மாண்டார். கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது தானம். அதை வேண்டாம் என்று ஒதுக்கியவர் பலர். அப்படி ஒதுக்கிய ஜனங்கள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்ன கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பதே என் வாதத்தின் உயிர். மெல்போர்னுக்குக் கிழக்கே ஹீல்ஸ்வில் அருகில் கொரண்டர்க் என்னும் குடியிருப்பை 1863-இல் அமைத்தவர்கள், அதிகாரிகள் காட்டிய இடத்துக்குச் சென்றவர்கள் அல்லர்; சைமன் வோங்கா, வில்லியம் பராக் என்ற தங்கள் தலைவர்களோடு மலை கடந்து வந்து, தாங்களே தேர்ந்த நிலத்தில் அமர்ந்தவர்கள். காடு திருத்தி, வீடு கட்டி, மது வடிக்க உதவும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிட்டு, 1881-இல் மெல்போர்ன் பொருட்காட்சியில் பரிசும் பெற்றார்கள். நிலம் செழித்ததும் அதன்மேல் அண்டை அயலாரின் கண் விழுந்தது. ஜனங்களைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு நிலத்தை விற்கலாம் என்று பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் ஆலோசித்தது. அப்போது அவர்கள் செய்தது என்ன? கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர் தூரத்தைக் கால்நடையாகக் கடந்து தலைநகரை அடைந்து மந்திரிகளைக் கண்டார்கள், மனு எழுதினார்கள், பத்திரிகைகளுக்குக் கடிதம் விடுத்தார்கள், 1881-இல் விசாரணைக் குழு அமையும் வரை ஓயவில்லை, அமைந்ததும் அதன்முன் ஆண்களும் பெண்களும் வந்து நின்று சாட்சி சொன்னார்கள். அதற்குச் சட்டம் தந்த பதில் 1886-இல் வந்தது. கலப்பு இனத்தவரில் 34 வயதுக்கு உட்பட்டோர் அனைவரும் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும் என்று விக்டோரியா சட்டசபை விதித்தது. மனு எழுதக்கூடிய இளைஞர்கள் போனார்கள். உழுவதற்கும் ஆளில்லாமல் போயிற்று.

அதே 1881-இல், மரீ நதியின் கரையில் மலோகா மிஷனைச் சேர்ந்த 42 பேர் நிலம் வேண்டி நியூ சவுத் வேல்ஸ் கவர்னருக்கு விண்ணப்பம் விடுத்தார்கள். அந்த ஆண்டில்தான் மலோகாவுக்கு ஒரு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்ற பெயருடைய அவர், மொரீஷியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்து, மலோகா ஜனங்கள் குமரகுஞ்சா என்ற புதுக் குடியிருப்புக்குப் பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, நாற்பதாண்டுக் காலம் அங்கேயே கற்பித்தார். இரவுப் பாடத்தில் உட்கார்ந்தவர்களுள் அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பரும் ஒருவர். குமரகுஞ்சாப் பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் சர் பட்டமும் கவர்னர் பதவியும் பெற்ற டக் நிக்கல்ஸ். கடல்கடந்து கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்ட சரித்திரத்தில், இப்படி ஒரு கிளை பிரிந்து வேற்றொரு கண்டத்தின் விடுதலைப் பயிருக்கு நீராகப் பாய்ந்தது என்பதை நம் புத்தகங்கள் சொல்லாமல் விட்டது ஏனோ தெரியவில்லை.

கூப்பரின் கதையைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயுளெல்லாம் ஆட்டு மயிர் கத்தரித்தும் கூலி வேலை செய்தும் உழைத்தவர். அவருடைய மகன் ஒருவர் 1917-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்காகப் பெல்ஜியத்தில் உயிர்நீத்தார். முதியோர் பென்ஷன் பெறும் வயது வந்தபோது, பூர்வகுடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கு அது கிடையாது என்றார்கள். ஆகவே 1933-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, மெல்போர்னை ஒட்டிய ஃபுட்ஸ்க்ரேயில் வந்து குடியேறினார். அந்தப் பென்ஷன் பணத்தில் தபால்தலை வாங்கினார். டிராம் வண்டிக்குக் காசில்லாத நாளில் நடந்தார். பாராளுமன்றத்தில் எங்களுக்கென ஒரு பிரதிநிதி வேண்டும், எங்கள் இனம் அழியாமல் காக்கப்பட வேண்டும், எங்கள் வாழ்க்கை நிலை உயர வேண்டும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, கண்டம் முழுவதிலுமிருந்து 1,814 பேரின் கையொப்பம் திரட்டினார். வெளியாரைக் குடியிருப்புக்குள் விடாமல் தடுக்கும் மேலதிகாரிகள் இருந்த காலத்தில், ஒவ்வொரு கையொப்பமும் ஒருவருடைய ரேஷனையும் பிள்ளைகளையும் பணயம் வைத்து இடப்பட்டது என்பதை மறக்கலாகாது. நியூ சவுத் வேல்ஸில் 1915 முதல் நியாயஸ்தலத்தின் உத்தரவின்றியே பிள்ளைகளை எடுத்துச் செல்லும் அதிகாரம் அம்மாநிலத்தின் பூர்வகுடி வாரியத்துக்கு இருந்தது. 1937-இல் அந்த விண்ணப்பம் பிரதமரிடம் சேர்ந்தது. மன்னருக்கு அனுப்புவதால் பயனில்லை என்று 1938 பிப்ரவரியில் மந்திரிசபை முடிவு செய்து, அதை எடுத்து வைத்துவிட்டது.

அதற்குச் சில தினங்களுக்கு முன்புதான், ஜனவரி 26-ஆம் தேதி, வெள்ளையர் வந்திறங்கிய நூற்றைம்பதாம் ஆண்டு விழாவைச் சிட்னி நகரம் ஆடம்பரமாகக் கொண்டாடிற்று. கரையில் இறங்கும் காட்சியை நடித்துக் காட்டுவதற்காகத் தூரத்து மெனிண்டியிலிருந்து பூர்வகுடி ஆடவர் சிலரை அழைத்து வந்து, வெளியாரோடு பேசாதபடி போலீஸ் கொட்டடியில் தங்கவைத்திருந்தார்கள். அதே நாளில், நகரின் மற்றொரு மண்டபத்தில், கூப்பர் யோசனை சொல்லியிருந்தபடி, துக்க தினம் அனுஷ்டித்தவர்கள் வேறு சிலர். கறுப்பு உடையணிந்து சுமார் நூறு பேர் கூடியிருந்த அந்த மாநாட்டை ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்கூஸனும் முன்னின்று நடத்தினார்கள். முழுப் பிரஜாவுரிமையும் சமத்துவமும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. 1967-க்கு 29 ஆண்டுகளுக்கு முன்னால் நிறைவேறிய தீர்மானம் இது. மறு ஆண்டு பிப்ரவரியில் குமரகுஞ்சாவின் ஜனங்கள், மேலதிகாரியின் கொடுமை பொறுக்காமல், ஏறத்தாழ இருநூறு பேர், மூட்டை முடிச்சுகளோடு நதியைக் கடந்து அக்கரையில் கூடாரம் அடித்தார்கள்.

இனி, எதிர்த்தரப்பாரின் இரண்டாவது வாதம். இவையெல்லாம் பாதிரிமாரும் இடதுசாரிகளும் தூண்டிவிட்டவை. பிற்பாடு நடந்தவை அமெரிக்க நீக்ரோ இயக்கத்தைப் பார்த்துச் செய்தவை. சுயபுத்தியால் எழுந்தவை அல்ல என்பர். 1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்க்கின்ஸ் சிட்னி சர்வகலாசாலை மாணவர்களோடு பஸ்ஸில் புறப்பட்டு, மோரீ நகரத்தின் பொது நீச்சல் குளத்தில் பூர்வகுடிச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிய போராட்டத்துக்கு அமெரிக்க முன்மாதிரி உண்டு. அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் பில்பராவை என்ன சொல்வது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பிரதேசத்தில் ஆட்டுப் பண்ணைகளின் உழைப்பு முழுவதும் பூர்வகுடிகளின் தோளில் இருந்தது. கூலியாகப் பலருக்குக் கிடைத்தது மாவும் தேயிலையும் சர்க்கரையும் புகையிலையும்தான். 1942-இல் வனாந்தரத்தில் ஓர் ஊற்றருகே 23 மொழிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பெரியோர் கூடி, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் விவாதித்து, வேலைநிறுத்தம் செய்வதென்றும், யுத்தம் முடியும் வரை பொறுப்பதென்றும் முடிவெடுத்தார்கள். 1946 மே மாதம் முதல் தேதி என்று நாள் குறித்தாயிற்று. அது தொழிலாளர் தினம், ஆட்டு மயிர் கத்தரிக்கும் பருவத்தின் தொடக்கமும்கூட. எழுதப் படிக்கத் தெரியாத, தபால் வசதி இல்லாத, பண்ணைக்குப் பண்ணை எத்தனையோ மைல் இடைவெளியுள்ள ஜனங்களுக்கு அந்த நாளை எப்படித் தெரிவிப்பது? டூலி பின்பின் என்ற தலைவர் கையால் செய்த நாட்காட்டிகளைப் பண்ணை பண்ணையாக எடுத்துச் சென்று கொடுத்தார். தினம் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கட்டம் தீர்ந்ததும் எழுந்து நடக்க வேண்டும். கடைசிக் கட்டம் தீர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் சுமார் 800 பேர் எழுந்து நடந்தார்கள்.

டூலியும் கிளான்ஸி மெக்கென்னாவும் அவர்களோடு உழைத்த வெள்ளையர் டான் மக்லவுடும் சிறை சென்றார்கள், வேலைநிறுத்தம் நிற்கவில்லை. பசியால் பணிந்துவிடுவார்கள் என்று பண்ணைக்காரர்கள் காத்திருந்தார்கள். பெண்கள் மரத் தட்டுகளை எடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைப்பதுபோல, தகர மணல் ஒரு பக்கமும் வெறும் மண் ஒரு பக்கமும் பிரியும்படி புடைத்து, அதை விற்று அடுப்பெரித்தார்கள். விதை பிரிக்கும் பாட்டிமார் காலத்து வித்தை அது. மூன்றாண்டுகள் இப்படி நின்றார்கள். பலர் பழைய பண்ணைக்குத் திரும்பவே இல்லை. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பஸ் பகிஷ்காரம் தொடங்கியது 1955-இல். பார்த்துச் செய்தவர் யார்? மக்லவுட் உடனிருந்தார் என்பதால் போராட்டம் அவருடையது ஆகிவிடுமானால், ஆங்கிலேயரான ஆண்ட்ரூஸ் உடனிருந்த காரணத்தால் நம் சுதந்திரப் போரும் ஆங்கிலேயருடையது ஆகிவிட வேண்டும்.

இந்தத் தானக் கதையை ஏன் இவ்வளவு வன்மையாக மறுக்கிறேன் என்றால், அது கடந்த காலத்தோடு நிற்பதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மவர் சொல்வதுண்டு. 1967-இல் கொடுத்தாயிற்றே, இன்னும் நிலம் கேட்பானேன் என்ற கேள்வி அந்தக் கதையின் வயிற்றில் பிறந்த பிள்ளை. குரிஞ்சி இனத்தார் இதை நேரில் அனுபவித்தவர்கள். வட பிரதேசத்தின் கால்நடைத் தொழிலாளருக்குச் சமக் கூலி நியாயம்தான் என்று 1966 மார்ச்சில் தீர்ப்பளித்த மத்தியஸ்த கமிஷன், அதை 1968 டிசம்பர் வரை தள்ளிவைத்தது. அதே 1966 ஆகஸ்டில், பிரிட்டிஷ் பிரபு ஒருவரின் வேவ் ஹில் என்னும் மாட்டுப் பண்ணையை விட்டு, வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் சுமார் 200 பேர் வெளியேறினார்கள். கூலியைப் பற்றிய பேச்சு சில மாதங்களில் பின்னுக்குப் போயிற்று. இது எங்கள் நாடு, இதைத் திரும்பக் கொடுங்கள் என்று 1967-இல் கவர்னர் ஜெனரலுக்கு மனுச் செய்தார்கள். தொண்ணூறு சதவீதத்தின் பெருந்தன்மையைப் புகழ்கிறோமே, அதே ஆண்டில் அந்த மனு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் எழுந்து போகவில்லை. வாட்டி கிரீக் என்னும் ஓடைக்கரையில் தங்கள் முன்னோரின் புனித இடத்துக்கு அருகே குடிசை கட்டி, வேலி போட்டு, 1975 வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி பிரதமர் விட்லம் அங்கே வந்தார். அவர் கொண்டுவந்தது 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கான குத்தகைப் பத்திரம்; முழு உடைமை வருவதற்கு மேலும் பதினோர் ஆண்டுகள் ஆயின. அன்றைய புகைப்படம் ஒன்று உலகப் பிரசித்தம்: நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் மேலிருந்து செம்மண்ணைக் கொட்ட, கறுத்த முதியவர் ஒருவர் கீழே கையேந்தி வாங்குகிறார். தானக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அட்டைப்படம் கிடைக்காது. கூட்டத்தில் பேசிய பெரியவர் கையிலிருந்த புத்தகத்திலும் அதுவே இருந்தது. அதை எடுத்தவர் மெர்வின் பிஷப். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் பணிபுரிந்த முதல் பூர்வகுடிப் புகைப்படக்காரர். மண் கொட்டும் சடங்கு முதலில் நடந்தது பந்தலின் நிழலுக்குள்ளே. அங்கே வெளிச்சம் போதவில்லை என்று கண்ட பிஷப், இருவரையும் வெயிலுக்கு வரச் சொல்லி, இன்னொரு முறை செய்யும்படி கேட்டார். பிரதமர் வெளியே வந்து, பிஷப் காட்டிய இடத்தில் நின்று, மறுபடியும் மண்ணைக் கொட்டினார்.